'சியர்ஸ்', 'ஃப்ரேசியர்': மறுபடி பார்க்க உட்காரும்போது எங்கே தொடங்குவது?

அமெரிக்க நகைச்சுவைத் தொடர் 'சியர்ஸ்' 11 சீசன், 275 எபிசோட். அதில் வந்த மனநல மருத்துவர் ஃப்ரேசியரை நாயகனாக்கிக் கிளைத்த 'ஃப்ரேசியர்' தொடரும் 11 சீசன்தான், 264 எபிசோட். 1982 செப்டம்பர் 30 அன்று பாஸ்டனில் ஒரு மதுக்கூடத்தில் தொடங்கிய கதை, 2004 மே 13 அன்று சியாட்டிலை விட்டுக் கிளம்பிய ஒரு விமானத்தில் முடிகிறது. பக்கத்தில் ஒட்டிக்கொண்ட சின்னத் தொடர்களும், 2023-இல் வந்த மறுவருகையும் தனி.

ஒருமுறை பார்த்து ரசித்தவர்கள் மறுபடி பார்க்க நினைக்கும்போது இந்த எண்ணிக்கைதான் குறுக்கே நிற்கிறது. 'ஃப்ரேசியர்' மட்டும் போதுமா, 'சியர்ஸ்' முதலிலிருந்து வேண்டுமா, நடுவில் எதையாவது விடலாமா என்று கேட்பவர்கள் நிறைய. எல்லோருக்கும் ஒரே பதில் கிடையாது. ஆனால் எதை வைத்து முடிவெடுப்பது என்று சொல்ல முடியும்.

## முதலில் எடைபோட வேண்டியவை

நேரம். வெட்டப்படாத 'சியர்ஸ்' எபிசோட் ஏறக்குறைய 24 நிமிடம், 'ஃப்ரேசியர்' 22 நிமிடம். முன்னது மொத்தம் 110 மணி நேரம், பின்னது 97. ராத்திரிக்கு இரண்டு எபிசோட் என்று வைத்தால் இரண்டும் சேர்ந்து 270 ராத்திரி, அதாவது ஒன்பது மாதம். தொடங்கும் முன்பே இதைத் தெரிந்துகொள்வது நல்லது. பாதியில் நின்றுபோகும் பெரும்பாலான முயற்சிகள் 'சியர்ஸ்' ஆறாவது, ஏழாவது சீசனில்தான் நிற்கின்றன. அதற்கான காரணம் கீழே வருகிறது.

எவ்வளவு ஞாபகம் இருக்கிறது. இரண்டாம் முறை பார்க்கும்போது கதை என்ன ஆகும் என்ற ஆர்வம் இருக்காது. முதல்முறை கவனிக்காமல் விட்டதைக் கண்டுபிடிப்பதில்தான் சுகம். எது நன்றாக மறந்துபோயிருக்கிறதோ அதற்கு முன்னுரிமை கொடுக்கலாம்.

எப்படிப் பார்க்கப்போகிறீர்கள். சமைத்துக்கொண்டே, துணி மடித்துக்கொண்டே பார்ப்பவருக்கு 'சியர்ஸ்' ஒத்துப்போகும். அதன் உயிர் வசனத்தில் இருக்கிறது. முதல் சீசன் கிட்டத்தட்ட முழுவதும் அந்த மதுக்கூடத்தின் நாலு சுவருக்குள்ளேயே நடக்கும். காதால் கேட்டாலே பாதி வந்துவிடும். 'ஃப்ரேசியர்' அப்படி இல்லை. ஆறாவது சீசனின் 'த்ரீ வேலன்டைன்ஸ்' எபிசோடில் ஃப்ரேசியரின் தம்பி நைல்ஸ் தனியாக இருந்து பேன்ட்டுக்கு இஸ்திரி போடும் நீண்ட காட்சியில் ஏறக்குறைய பேச்சே கிடையாது. கண்ணை எடுத்தால் போயிற்று.

எந்தப் பிரதி. இதைப் பலர் யோசிப்பதே இல்லை. கடைசிப் பகுதியில் விரிவாக வருகிறது.

| வழி | எபிசோட் | நேரம் | ராத்திரிக்கு இரண்டு என்றால் |
|---|---|---|---|
| 1. 'ஃப்ரேசியர்' மட்டும் | 264 | 97 மணி | 132 ராத்திரி |
| 2. இரண்டும் முழுசாக | 539 | 207 மணி | 270 ராத்திரி |
| 3. சலித்தெடுத்த இரண்டும் | சுமார் 328 | 124 மணி | 164 ராத்திரி |
| 4. சந்திப்பு எபிசோட்கள் மட்டும் | சுமார் 18 | 8 மணி | ஒரு வாரம், பத்து நாள் |

## வழி 1: 'ஃப்ரேசியர்' மட்டும்

இதில் எந்தத் தவறும் இல்லை. 'சியர்ஸ்' பார்க்காதவர்களும் புரிந்துகொள்ளும்படிதான் இதை எழுதினார்கள். ஊரை மாற்றினார்கள், பழைய பாத்திரங்களில் ஒருவரையும் நிரந்தரமாகக் கொண்டுவரவில்லை. முன்பு இல்லாத அப்பாவும் தம்பியும் வந்து சேர்ந்தார்கள். 1994 முதல் 1998 வரை சிறந்த நகைச்சுவைத் தொடருக்கான எம்மி விருதைத் தொடர்ந்து ஐந்து முறை வாங்கியது. முழு ஓட்டத்திலும் 37 எம்மி.

மறுபடி பார்ப்பவருக்கு இதில் கிடைப்பது கட்டுமானம். இரண்டாம் சீசனின் 'தி மேட்ச்மேக்கர்', நாலாவதின் 'தி டூ மிசஸ் கிரேன்ஸ்', 'ஹாம் ரேடியோ', ஐந்தாவதின் 'தி ஸ்கி லாட்ஜ்' ஆகிய நான்கையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தவறான புரிதல், அதை மறைக்க ஒரு பொய், அந்தப் பொய்யைக் காக்க இன்னொன்று என்று கதவுகள் திறந்து மூடும். முதல்முறை சிரித்துக் கடந்திருப்பீர்கள். இந்த முறை முதல் ஐந்து நிமிடத்தைக் கவனித்துப் பாருங்கள். கடைசியில் வெடிக்கும் ஒவ்வொரு திரியும் அங்கேயே வைக்கப்பட்டிருக்கும். இந்த வகை எபிசோடை ஒரு ராத்திரிக்கு ஒன்றோடு நிறுத்திக்கொள்வது நல்லது. அடுத்தடுத்து பார்த்தால் ஒன்றின் வேகம் இன்னொன்றை மழுங்கடிக்கும்.

மறைவான விலை இரண்டு. முதலாவது, எட்டாம் சீசனுக்குப் பிந்தைய தளர்ச்சி. ஏழாம் சீசன் வரை தொடரை இழுத்துச் சென்றது அப்பாவைக் கவனித்துக்கொள்ளும் டாஃப்னி மேல் நைல்ஸ் வைத்திருந்த, வெளியே சொல்லாத காதல். 2000 மே மாதம் ஏழாம் சீசன் முடிவில் அது கைகூடியதும் அந்த இழுவிசை நின்றுவிட்டது. அதே நேரத்தில் கிறிஸ்டஃபர் லாயிட், ஜோ கீனன் என்ற இரண்டு முக்கிய எழுத்தாளர்கள் விலகினார்கள். 'தி ஸ்கி லாட்ஜ்' எழுதியவர் கீனன்தான். எட்டாம் சீசனில் டாஃப்னி உடல் பெருத்துவிட்டதாக ஒரு கதைப்போக்கு வரும். நடிகை ஜேன் லீவ்ஸ் கருவுற்றிருந்ததை மறைக்கச் செய்த ஏற்பாடு அது. அதில் வரும் குண்டு ஜோக்குகள் இன்று பார்க்க உண்மையிலேயே சங்கடம். அந்த எழுத்தாளர்கள் இருவரும் 11-ஆம் சீசனுக்குத் திரும்பினார்கள். முதல் எபிசோடிலேயே வித்தியாசம் தெரியும். அந்தச் சீசனில் ஷார்லட்டாக வந்த லாரா லின்னி சிறப்புத் தோற்றத்துக்காக எம்மி வாங்கினார்.

இரண்டாவது விலை, ஃப்ரேசியரின் முன்னாள் மனைவி லிலித். அவர் வரும் ஒவ்வொரு முறையும் ஸ்டுடியோ பார்வையாளர்கள் ஆரவாரிப்பார்கள். ஃப்ரேசியர் அவர்முன் ஏன் அப்படிக் குழைகிறார், ஏன் அப்படி வெடிக்கிறார் என்பதன் வேர் முழுக்க 'சியர்ஸ்' தொடரில் இருக்கிறது.

யாருக்கு: 'சியர்ஸ்' இன்னும் பசுமையாக நினைவில் உள்ளவர்களுக்கு. விளையாட்டு பற்றிய பேச்சும் மதுக்கூடத்துச் சலசலப்பும் பிடிக்காதவர்களுக்கு.

## வழி 2: முழுசாக, வரிசையாக

கெல்ஸி கிராமர் ஃப்ரேசியர் என்ற இந்த ஒரே பாத்திரத்தை 1984 முதல் 2004 வரை, 20 ஆண்டுகள் இடைவிடாமல் நடித்தார். அமெரிக்க பிரைம்டைம் தொலைக்காட்சியில் 'கன்ஸ்மோக்' தொடரின் ஜேம்ஸ் ஆர்னஸ் வைத்திருந்த சாதனையை அவர் தொட்டது இப்படித்தான். ஒரு மனிதன் முகத்திலும் குரலிலும் மூத்துக்கொண்டே போவதை இவ்வளவு நீளத்துக்குப் பார்க்கும் வாய்ப்பு புனைகதையில் அபூர்வம். அதை முழுசாக அனுபவிக்க இந்த வழிதான் உண்டு.

சின்னச் சின்னப் பரிசுகளும் இந்த வழியில்தான் கிடைக்கும். மதுக்கூடத்து ஊழியர் கோச்சாக நடித்த நிக்கலஸ் கலசான்டோ 1985 பிப்ரவரியில், மூன்றாம் சீசன் ஓடிக்கொண்டிருக்கும்போதே இறந்தார். அவருடைய ஒப்பனை அறையில் இருந்த ஜெரோனிமோ படத்தைக் கொண்டுவந்து மதுக்கூடத்துச் சுவரில் மாட்டினார்கள். எட்டு ஆண்டுகள் அது பின்னணியில் சும்மா தொங்கும். 1993 மே 20 அன்று வந்த கடைசி எபிசோடின் முடிவில் மதுக்கூட உரிமையாளர் சாம் தனியாக நடந்துபோய் அந்தப் படத்தை நேராக்குவார். இடைப்பட்ட சீசன்களை எல்லாம் பார்த்து வந்தவருக்கு அந்த ஒரு அசைவு தொண்டையை அடைக்கும்.

சிரமம் எங்கே என்றால், ஐந்தாம் சீசனோடு சாமின் காதலி டயானாக நடித்த ஷெல்லி லாங் விலகுகிறார். ஆறாவதில் ரெபெக்காவாக கர்ஸ்டி ஆலி வருகிறார். மதுக்கூடத்தை விற்றுவிட்ட சாம் அதே இடத்தில் வேலைக்காரனாகத் திரும்புகிறார். எழுத்து உடனே பிடிமானம் பெறவில்லை. கண்டிப்பான மேலாளராக அறிமுகமான ரெபெக்கா, எதைத் தொட்டாலும் சொதப்பி அழும் பெண்ணாக மாறிய பிறகுதான் சிரிப்பு வருகிறது. அதற்குள் ஒரு சீசனுக்கு மேல் ஓடிவிடும். மேலே சொன்ன நின்றுபோகும் இடம் இதுதான். அங்கே சலிப்பு தட்டினால் ராத்திரிக்கு ஒன்றாகக் குறைத்துக்கொள்ளுங்கள். எட்டாம் சீசனில் வேகம் திரும்பும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சாம் பெண்களைத் துரத்துவதை, குறிப்பாகத் தன் மேலாளரான ரெபெக்காவைத் துரத்துவதை, அந்தக் காலம் வெறும் குறும்பாகப் பார்த்தது. வீட்டில் பெரிய பிள்ளைகளோடு பார்ப்பவர்கள் அதைப் பற்றிப் பேச வேண்டி வரலாம்.

யாருக்கு: ஒன்பது மாதம் ஒரே தொடரோடு இருக்கத் தயங்காதவர்களுக்கு. ஏறக்குறைய எல்லாமே மறந்துபோனவர்களுக்கு.

## வழி 3: சலித்தெடுத்த இரண்டும்

பெரும்பாலானவர்களுக்கு இதைத்தான் பரிந்துரைப்போம். வரிசை இது:

1. 'சியர்ஸ்' 1 முதல் 5 வரை, எதையும் விடாமல். 121 எபிசோட். சாம்–டயான் கதை ஒரு முழு நாவல்போல ஆரம்பமும் முடிவும் கொண்டது. மூன்றாம் சீசனின் தொடக்கத்தில், மறுபடி குடியில் விழுந்த சாமைக் கரையேற்ற டயான் அழைத்து வரும் மனநல மருத்துவராகத்தான் ஃப்ரேசியர் உள்ளே நுழைகிறார். சில எபிசோடுக்கு மட்டும் என்று எழுதப்பட்ட பாத்திரம் அது.

2. 'சியர்ஸ்' 6 முதல் 11 வரையிலிருந்து சுமார் 13 எபிசோட். ரெபெக்கா வரும் ஆறாம் சீசன் முதல் எபிசோட். எட்டாவதில் 'தி ஸ்டார்க் பிரிங்ஸ் எ கிரேன்' (மகன் ஃபிரெடரிக் பிறப்பு), 'சிவியர் கிரேன் டேமேஜ்', 'டெத் டேக்ஸ் எ ஹாலிடே ஆன் ஐஸ்'. ஒன்பதாவதில் 'ராட் கேர்ள்'. பத்தாவதில் மதுக்கூடத்துப் பணியாளர் உட்டியின் திருமணம் நடக்கும் இரண்டு பகுதி எபிசோட். கடைசிச் சீசனில் லிலித் ஃப்ரேசியரை விட்டுப்போகும் 'தி கேர்ள் இன் தி பிளாஸ்டிக் பபிள்', அதன் விளைவாகப் பின்னால் வரும் இரண்டு பகுதிகள், உட்டி தேர்தலில் நிற்கும் எபிசோட், 98 நிமிட முடிவு. கூடவே 'டூ நாட் ஃபர்சேக் மீ, ஓ மை போஸ்ட்மேன்'. அதில் விளம்பரப் பாட்டு எழுதுபவராக வருபவர் ஜான் மஹோனி. மறு ஆண்டே அவர் ஃப்ரேசியரின் அப்பா மார்ட்டினாகிவிட்டார்.

3. 'ஃப்ரேசியர்' 1 முதல் 7 வரை முழுசாக, 168 எபிசோட். ஒன்பதாவதிலிருந்து இரண்டு மூன்று. பிறகு 11-ஆம் சீசன் முழுசாக.

ஒன்பதாம் சீசனில் விடக்கூடாதவை: சீசனைத் தொடங்கும் இரண்டு பகுதி 'டான் ஹுவான் இன் ஹெல்', 'சியர்ஸ்' தொடரின் நார்ம், கிளிஃப், கார்லா வரும் 'சியர்ஃபுல் குட்பைஸ்'. முதலாவதில் ஃப்ரேசியரின் கற்பனையில் டயான், லிலித், முதல் மனைவி, அம்மா எல்லோரும் ஒரே இடத்தில் உட்கார்ந்து அவரை விசாரிப்பார்கள். 'சியர்ஸ்' மூன்றாம் சீசனில் அந்த அம்மா டயானைக் கொன்றுவிடுவதாக மிரட்டியதைச் சமீபத்தில் பார்த்திருந்தால், இங்கே அவர் சாந்தமாக உட்கார்ந்திருப்பது வேறு மாதிரி தெரியும்.

இந்த வழியில் இழப்பும் உண்டு. எதிர் மதுக்கூடத்தோடு குறும்புப் போட்டி நடக்கும் 'பார் வார்ஸ்' வரிசை, கார்லாவின் குடும்ப அமளி, நார்ம்–கிளிஃப் இருவரின் சிறந்த தருணங்கள் சில விடுபடும். நார்மின் ரசிகர்கள் இந்தச் சுருக்கத்தை ஏற்க மாட்டார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அவர்களுக்கு வழி 2.

யாருக்கு: அரையாண்டு ஒதுக்க முடிந்தவர்களுக்கு. 'ஃப்ரேசியர்' பிடிக்கும், ஆனால் 'சியர்ஸ்' மங்கலாகத்தான் நினைவிருக்கிறது என்பவர்களுக்கு.

## வழி 4: சந்திப்பு எபிசோட்கள் மட்டும்

விடுமுறையே ஒரு வாரம்தான் என்றால் இது: இரண்டு தொடரையும் இணைக்கும் எபிசோட்கள் மட்டும். 'சியர்ஸ்' பக்கம் ஃப்ரேசியரின் வருகை (மூன்றாம் சீசனின் முதல் இரண்டு), லிலித் முதலில் தோன்றும் 'செகண்ட் டைம் அரவுண்ட்' (4), இருவரும் நெருங்கும் 'அப்நார்மல் சைக்காலஜி' (5), 'டின்னர் அட் எய்ட்–இஷ்' (5), மகன் பிறப்பு (8), பிரிவு (11), முடிவு. 'ஃப்ரேசியர்' பக்கம் முதல் எபிசோட் 'தி குட் சன்', லிலித் வருவது (1), சாம் வருவது (2), டயான் வருவது (3), உட்டி வருவது (6), மேலே சொன்ன ஒன்பதாம் சீசன் எபிசோட்கள்.

சாம் வரும் எபிசோட் இதில் முக்கியம். 'சியர்ஸ்' நாட்களில் ஃப்ரேசியர் தன் அப்பா இறந்துவிட்டதாகவும், அவர் ஒரு ஆராய்ச்சியாளர் என்றும் சொல்லியிருந்தார். உயிரோடு இருக்கும் ஓய்வுபெற்ற போலீஸ்காரர் மார்ட்டினைக் கண்டதும் சாம் குழம்புகிறார். அப்பாவோடு சண்டை என்பதால் அப்படிச் சொன்னதாக ஃப்ரேசியர் ஒப்புக்கொள்கிறார். எழுத்தாளர்களின் முரண்பாடு பாத்திரத்தின் குணமாகவே மாறிவிடும் இடம் அது.

குறை என்னவென்றால், இந்த எபிசோட்கள் எல்லாமே விசேஷ நாட்கள். தொடரின் சாதாரண நாட்கள் எப்படி இருந்தன என்ற உணர்வு வராது.

## பக்கத்துத் தொடர்கள்

'தி டார்டெல்லிஸ்' (1987, 13 எபிசோட்): கார்லாவின் முன்னாள் கணவர் லாஸ் வேகஸுக்குப் போன கதை. ஆவணமாக ஒன்றிரண்டு பார்க்கலாம், அவ்வளவுதான்.

'விங்ஸ்' (1990–1997, 172 எபிசோட்) கிளைத்தொடர் இல்லை. ஆனால் அதே உலகம். நான்டக்கெட் தீவின் சிறு விமான நிலையத்தில் நடக்கிறது. இதை உருவாக்கிய டேவிட் ஏஞ்சல், பீட்டர் கேசி, டேவிட் லீ மூவரும்தான் பிறகு 'ஃப்ரேசியர்' தொடரை உருவாக்கினார்கள். ஏஞ்சல் 2001 செப்டம்பர் 11 விமானத் தாக்குதலில் இறந்தார். 'ஃப்ரேசியர்' கடைசி எபிசோடில் நைல்ஸ்–டாஃப்னி குழந்தைக்கு டேவிட் என்று பெயர் வைப்பது அவர் நினைவாக. 1992-இல் ஃப்ரேசியரும் லிலித்தும் அந்தத் தீவுக்கு வரும் எபிசோடை வழி 2, 3-இல் போகிறவர்கள் 'சியர்ஸ்' பத்தாம் சீசனுக்கு இடையில் செருகிக்கொள்ளலாம்.

2023 'ஃப்ரேசியர்': இரண்டு சீசன், 20 எபிசோட். பாஸ்டனுக்குத் திரும்பி, தீயணைப்பு வீரனான மகனோடு வாழ்கிறார். நைல்ஸாக நடித்த டேவிட் ஹைட் பியர்ஸ் திரும்பவில்லை. 2018-இல் மறைந்த மஹோனியின் பெயர் அங்கே ஒரு மதுக்கூடத்துக்கு இருக்கிறது. 2004 முடிவைப் பார்த்த மறுநாளே இதைத் தொடங்காதீர்கள். ஒரு மாதமாவது இடைவெளி விட்டால்தான் ஒப்பிட்டு ஒப்பிட்டு வெறுக்காமல், அதை அதன் தகுதியில் பார்க்க முடியும்.

## எந்த வழியானாலும் சரிபார்க்க வேண்டியவை

நீளம். முதல் எபிசோடைப் போட்டு மொத்த நிமிடத்தைப் பாருங்கள். 'சியர்ஸ்' 22 நிமிடத்துக்குக் கீழே இருந்தால், மறு ஒளிபரப்பில் கூடுதல் விளம்பரம் நுழைக்க வெட்டிய பிரதியாக இருக்க வாய்ப்பு அதிகம். இப்படி வெட்டும்போது பலியாவது கதையோடு ஒட்டாத சின்ன நகைச்சுவைதான். 'சியர்ஸ்' தொடரின் சிறந்த சிரிப்புகளில் பல, தொடக்கப் பாட்டுக்கு முன்னால் வரும் அந்த ஒரு நிமிடத்தில் இருக்கின்றன.

படச்சட்டம். இரண்டும் 4:3 விகிதத்தில் ஒளிபரப்பானவை. திரையின் இரு ஓரமும் கறுப்பாக இருப்பதுதான் சரி. டிவியில் படத்தை இழுத்து நிரப்பும் அமைப்பு இருந்தால் அணைத்துவிடுங்கள். இழுத்தால் முகம் அகலும், பெரிதாக்கினால் தலையும் காலும் வெட்டுப்படும். 'சியர்ஸ்' 35 மி.மீ. பிலிமில் எடுக்கப்பட்டதால் ப்ளூ-ரேயில் துல்லியம் கூடுகிறது. மதுக்கூடத்தின் பின்வரிசை முகங்கள்வரை தெளிவாகத் தெரியும்.

ஆட்டோபிளே. 'ஃப்ரேசியர்' பார்ப்பவர்கள் முதலில் செய்ய வேண்டியது இதை அணைப்பது. ஏறக்குறைய ஒவ்வொரு எபிசோட் முடிவிலும் கிராமர் பாடும் பாட்டுக்குப் பின்னால் பேச்சில்லாத ஒரு குட்டிக் காட்சி ஓடும். கதையின் கடைசிச் சிரிப்பு பெரும்பாலும் அதில்தான். பெயர்கள் ஓடத் தொடங்கியதும் அடுத்த எபிசோடுக்குத் தாவும் செயலிகளில் அந்தக் குட்டிக் காட்சிகள் எல்லாமே போய்விடும்.

எழுத்து அட்டைகள். 'ஃப்ரேசியர்' தொடரில் காட்சிகளுக்கு நடுவே கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஒரு வரி வரும். யாரும் அதைப் படித்துக் காட்ட மாட்டார்கள். அடுத்த காட்சி முடியும்போதுதான் பாதி அட்டைகளுக்கு அர்த்தம் புரியும். போனில் பார்த்தால் எளிதில் தவறிவிடும்.

சப்டைட்டில். 'ஃப்ரேசியர்' ஒயின், ஓபரா, பிரெஞ்சுச் சொல் என்று வேகமாகப் பேசும். 'சியர்ஸ்' தொடரில் பார்வையாளர் சிரிப்புக்கு அடியில் நார்மின் வரிகள் அமுங்கும். இரண்டுக்கும் போட்டுக்கொள்ளுங்கள்.

இணைப்பு. 'சியர்ஸ்' 1993 மே மாதம் முடிந்தது, 'ஃப்ரேசியர்' செப்டம்பர் 16-இல் தொடங்கியது. நாலு மாத இடைவெளிதான். வழி 2, 3, 4 எதில் போனாலும் 11-ஆம் சீசனின் லிலித் எபிசோட்களுக்கும் 'தி குட் சன்' எபிசோடுக்கும் நடுவே நாட்களை நீளவிடாதீர்கள். அதன் தொடக்கத்திலேயே ஃப்ரேசியர் வானொலியில் நேயர்களிடம் தன் கதையைச் சொல்வார். மனைவி விட்டுப்போனது வலித்தது என்பார், பிறகு அவள் திரும்பி வந்தது அதைவிட வலித்தது என்பார். ஸ்டுடியோ சிரிக்கும். அந்த இரண்டு வாக்கியத்துக்குள் எத்தனை எபிசோட் அடங்கியிருக்கிறது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.